மரக்கால்

எங்கள் தீவில் மண் கிடையாது.
பாறை, அதன்மேல் பாசி,
அதற்குமேல் வடநார்வேயின் காற்று.
கரையோர வீடுகளில் பாதி
கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கின்றன.
கூட்ட அறையும் அப்படித்தான்.
அங்கே, காட் மீன் சூப் ஆறிக்கொண்டிருக்க,
பாதிரியார் குன்வோர் கேட்டாள்:
"அஸ்திவாரம் இல்லாமல் எந்த வீடு நிற்கும்?
கடவுளை உருவி எடுத்துவிட்டால்
நல்லது கெட்டது எதன்மேல் நிற்கும்?"

பலகை இடுக்கில்
அலை ஏறி இறங்குவது கேட்டது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
ஐலெர்ட் மட்டும் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான்.

மூன்று இரவுக்கு முன்
அவனோடு மீட்புப் படகில் போனவள் நான்.
எஞ்சின் அறை என்னுடையது.
பிப்ரவரி. இரண்டு மணி.
ரேடியோவில் யாரோ
எங்களுக்குத் தெரியாத மொழியில் அழுதார்கள்.
சுக்கானில் தூர்லைவ்,
ஒவ்வொரு அலை உச்சியிலும் "ஆண்டவரே" என்றான்.
கயிறு வீசுமிடத்தில் ஐலெர்ட்,
ஒவ்வொரு பள்ளத்திலும்
எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னான்.
கீழே டீசல் நாற்றத்தில் எனக்கு
எது எவன் குரல் என்று பிரியவில்லை.

ஆறு பேரை இழுத்தோம்.
ஏழாவது ஆளின் காலரை
ஐலெர்ட் இருபது நிமிடம் விடவில்லை.
ஏற்றிப் பார்த்தபோது
பத்து நிமிடம் முன்பே போயிருந்தான்.

"யார் உங்களை அனுப்பியது?"
படகுத்துறையில் பத்திரிகைக்காரப் பையன்.
தூர்லைவ் மேலே கைகாட்டினான்.
ஐலெர்ட், "ரேடியோ" என்றான்.
பையன் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டான்.

ஐலெர்டைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லி
முடித்துக்கொள்ள ஆசைதான்.
ஆனால் அவன் மீன் வாங்குகிறவன்.
நிறுக்கும்போது தட்டின் அடியில்
கட்டைவிரலைக் கொடுத்து லேசாகத் தாங்குவான்.
நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ அவனுக்கு.
ஊருக்கே தெரியும்.
தூர்லைவோ, கடையில் ஒரு குரோனர் கூடுதலாக வந்தால்
பனியில் திரும்ப நடந்து கொடுத்துவிட்டு வருவான்.
மணமாகாமல் பிள்ளை பெற்ற மகளின் கடிதங்களைப்
பதினோரு வருடமாகப் பிரிக்காமல்
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.
எரிக்கவும் இல்லை.

ஏழாவது ஆள் கப்பலின் சமையல்காரன்.
பையில் நனைந்த பஸ் டிக்கெட்,
பாதிப் பூண்டு.
சிலுவை இல்லை, மணிமாலை இல்லை,
எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க வைப்பது
என்பதற்கு ஒரு துப்பும் இல்லை.
படகுக் கொட்டகையில் குன்வோர்
புத்தகத்தை மூடியபடி நின்றாள்.
"எந்தப் பெயரைச் சொல்லி வேண்டுவது?"
என்னைத்தான் கேட்டாள்.
நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐலெர்ட் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு
அவன் தலைமாட்டில் உட்கார்ந்தான்.
ஹீட்டரை அணைத்துவிட்டோம், பிணத்துக்காக.
"வீட்டுக்குப் போ" என்றேன்.
"தனியாக விடக் கூடாது."
"யார் சொன்னது?" என்றாள் குன்வோர்,
குத்திக்காட்ட அல்ல, தெரிந்துகொள்ள.
நெடுநேரம் யோசித்தான்.
"அம்மா சொல்லியிருக்கலாம்.
இல்லை, அவளும் சொல்லவில்லை."
அப்புறம் எரிச்சலோடு:
"தெரியாது. கதவைச் சாத்து, காற்று வருகிறது."
அவள் கதவைச் சாத்தினாள், உள்பக்கமிருந்து.
இன்னொரு நாற்காலியைத் தேடினாள்.

அதனால்தான் சூப் ஆறிய அந்த இரவில்
அவள் கேட்டது எங்களையா,
தன்னையா என்று
எனக்கு இப்போது சந்தேகம்.
பதில் வரும்வரை நின்றாள்.
யாரோ ரொட்டியை நகர்த்தினார்கள்.

திங்கட்கிழமை
என் தம்பியின் மீன் தராசில் ஏறியது.
தட்டுக்கு அடியில் அதே கட்டைவிரல்.
காலர் இறுக்கியதில்
நகம் முழுக்கக் கறுத்திருந்தது.
நான் பார்ப்பதை ஐலெர்ட் பார்த்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதுவும் ஒரு கணக்கு, எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.
துறையின் மரக்கால்களைக்
கடல் தட்டிக்கொண்டிருந்தது.
முள் ஆடியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
இன்னும் நிற்கவில்லை.