இருபது சென்ட்

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில்
பேருந்தை நிறுத்தி
பிளாஸ்டிக் பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் கேன் யாருடையது?
தண்ணீர் இல்லை சார், என்றார் அக்காள் புருஷன் கதிர்காமன்.
பின்னே?
தண்ணீராகத்தான் இருந்தது.
மூடி திறந்து மோந்தவர்
முகம் சுளித்து, போ போ என்றார்.
காலிப் பாட்டிலுக்குத் தடை.
சாயத்துக்குப் பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

திருப்பூரில் டையிங்கில் வேலை அத்தானுக்கு.
ஞாயிற்றுக்கிழமை அவர் சோறு பிசையும்போது
நகக்கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்
அந்த வாரம் வெளிநாட்டுக்கு
என்ன நிறத்தில் பனியன் போனதென்று.
அன்று சிவப்பு.

சாவடியில் சரியாக மூடவில்லை போலிருக்கிறது.
அடுத்த கொண்டை ஊசி வளைவில் கேன் கசிந்து
சீட்டுகளுக்கு அடியில் ஓடி
யாருடையதோ முட்டைக்கோஸ் மூட்டையை நனைத்தது.
ரத்தமா என்று எழுந்தார் கண்டக்டர்.
இல்லை, ஆராய்ச்சி, என்றாராம் அத்தான்.
ஊட்டிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது
ஐந்தில் மூன்று லிட்டர்.

கரி என் வேலை.
அம்மா கிலோக் கணக்கில் பறித்த கொழுந்தில்
ஃபேக்டரிச் சல்லடை வேண்டாமென்ற நார்த்தூள்,
மூட்டை இருபது ரூபாய்.
உரத்துக்கா, என்றார் வாட்ச்மேன்.
கரிக்கு.
அமிலத்தில் ஊறவைத்து
ஐந்நூறு டிகிரியில் சுட்டு
அமிலம் போகக் கழுவினேன்,
பத்தொன்பது வாளி நல்ல தண்ணீர்.
அழுக்குத் தண்ணீரைத் தெளிவாக்கத்தான்.
இந்த வரி ஆய்வேட்டில் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து அறிக்கை வந்தது:
ஒரு கிராமின் பரப்பு
எண்ணூற்றுப் பன்னிரண்டு சதுர மீட்டர்.
நல்ல துளைகள், என்றார் போஜராஜ் சார்,
இனிப்பு வாங்கிவா.
நான் கால்குலேட்டரில் சென்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தேன்.
இருபது.

ஒரு சிட்டிகைக் கரிக்குள்
மடித்து மடித்து
இருபது சென்ட்.

கப்பலில் வந்திறங்கி
டான்டீ லைனில் ஒன்பதாம் நம்பர் வீட்டில்
மூன்று சென்ட் கேட்டு
மனு எழுதிக்கொண்டே இருந்தார் அப்பா.
தாசில்தாருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று,
தகரப்பெட்டியில் எங்களுக்கென்று
கார்பன் தாளில் நீலமாய் ஒன்று.
பெட்டி நிறைந்துவிட்டது.

குடுவையில் கரியைப் போட்டுக் குலுக்கினால்
நாற்பது நிமிடத்தில்
ரத்தம், ரோஜா,
ஆப்பிள் பூவின் ஓரம்,
பிறகு ஒன்றுமில்லை.
துளைக்குள் நுழையும் சாயத்திடம்
யாரும் குடும்ப அட்டை கேட்பதில்லை.
வந்தது ஒட்டுகிறது, ஒற்றை வரிசையாய்.
இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்;
மீதி தண்ணீரிலேயே நிற்கிறது
சிவப்பாக.

அத்தானின் முதலாளி போனில் கேட்டார்:
நாளைக்கு மூணு லட்சம் லிட்டர் வெளியேறுதும்மா,
உன் கரி எவ்வளவு இருக்கு?
நானூறு கிராம் சார்.
சிரிக்கவில்லை அவர். கிலோ என்ன விலை என்றார்.
வாளிகளை நினைத்து
சொல்கிறேன் சார் என்று வைத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில்
வெளியூரிலிருந்து வந்தவர் கேட்டார்:
சாயம் எங்கே போயிற்று?
எங்கேயும் போகவில்லை சார், கரியில் இருக்கிறது.
கரி?
மேசைக்கு அடியில்,
பதினொரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
எரித்துவிடலாம் என்றொரு பக்கம்
ஆய்வேட்டில் இருந்தது, அதைக் காட்டினேன்.

அவர் கேட்காதது ஒன்று.
தெளிந்த தண்ணீர் நூறு மில்லியை
ஜன்னலுக்கு வெளியே மறந்து வைத்திருந்தேன்,
தை மாதம், புல்லெல்லாம் உப்புப் பூத்த இரவு.
கலரிமீட்டர் அதற்குப் பூஜ்யம் என்று சொல்லியிருந்தது.
காலையில் குடுவைக்குள் பனிக்கட்டி,
கண்ணாடி மாதிரி,
நடுவில் மட்டும்
எல்லாப் பக்கமும் நெருக்கித் தள்ளியதில்
ஊசிமுனை அளவு
சிவப்பு.