வெடிப்புக் கணக்கு

பின்னேரம் மூன்று மணி என்று
நான்தான் அறிவித்தல் எழுதி ஒட்டினேன்.
கொம்பனி வாகனம் வந்தபோது மூன்றே முக்கால்.
அதற்குள் ஆத்திமோட்டைச் சனம்
நாற்பது கதிரைக்கு எழுபது பேர்.

நான் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்.
பேசியவர் பெயர், பேசிய பொருள், தீர்மானம்:
கொப்பியில் மூன்று நிரல்கள்.
பெருமூச்சுக்கு நிரல் இல்லை.

பொறியியலாளர் நிமலகாந்தன் சுவரில் படம் காட்டினார்.
கரடிமலை அதில் பாதிதான் இருந்தது.
"இது பத்தாம் வருடம்" என்றார்.
யன்னலுக்கு வெளியே முழு மலையும்
சேற்றில் படுத்த எருமைபோல் கிடந்தது,
தன்னைப் பற்றிய பேச்சென்று தெரியாமல்.

நன்மைகள், என்றார். எழுதினேன்.
முப்பத்திரண்டு பேருக்கு வேலை.
கியூப் ஒன்றுக்கு இத்தனை ரூபாய் ஊர்க் கணக்கில்.
திருகோணமலை வீதி வரைக்கும் கொங்கிறீற் பாதை.

"பாதை எங்களுக்கோ, உங்கட டிப்பருக்கோ?"
கருவாட்டு வியாபாரி மர்சூக்.
"ரெண்டுக்கும்தான்."
"அப்ப டிப்பர் படங்கு போர்த்துக்கொண்டு போகட்டும்.
பள்ளிக்கூடம் விடுற நேரம் ஓடவேணாம்.
என்ட கருவாட்டில கல்தூள் விழுந்தா
அதையும் சேர்த்து நிறுத்து விக்கச் சொல்றீங்களா?"
சிரித்தார்கள். சிரிப்புக்கும் நிரல் இல்லை.

சசிரேகா, உயர்தரத்தில் கணக்குப் படித்தவள்,
தராசடியில் ஊர்ப்பிள்ளை ஒன்று இருக்கவேணும் என்றாள்.
"கல் எவ்வளவு போச்சுதெண்டு
கல்லை விக்கிறவரே சொன்னா
எங்கட காசையும் அவர்தானே சொல்லுறார்?"
பொறியியலாளர் அப்போதுதான்
தன் பேனையைத் திறந்தார்.

கெங்காதரனுக்கு ஐம்பது மாடுகள்.
"தோண்டி முடிச்ச கிடங்கை?"
"குளமாக்கித் தருவோம்."
"மாடு இறங்கச் சாய்வு வேணும். செங்குத்தா விட்டா
அது குளமில்லைத் தம்பி, குழி."

பிறகு வெடி.
கிழமைக்கு இரண்டு தரம், பகல் பன்னிரண்டரைக்கு.
"சின்ன வெடிதான்."
அந்தச் 'சின்ன' விழுந்ததும்
மண்டபத்தில் ஒரு கதிரையும் அசையவில்லை.
வெடிக்கு எங்களிடம் வேறு அளவுகோல்.

கடைசி வரிசையில் நாகபூசணி எழும்பினாள்.
"என்ட சுவரில வெடிப்பு இருக்கு.
நாளைக்கு நீங்கள் மலையை உடைச்ச பிறகு
எல்லாம் பழசெண்டு சொல்லுவியள்.
இண்டைக்கே வந்து எண்ணுங்கோ."

போனோம், பாதிக் கூட்டமும் பின்னால்.
உதவியாளன் சோக்கால் இலக்கம் போட்டுப்
படம் பிடித்தான். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஒன்று, நிலைக்கு மேலே: தொண்ணூறாம் ஆண்டு.
இரண்டு, மூன்று, நாலு: ஒரே இரவு,
பக்கத்து வீடு இல்லாமல் போனபோது.
ஏழு: கடல் வந்த வருடம்.
எட்டு: அது மேசன் சீமெந்தைக் களவெடுத்தது.
பன்னிரண்டு: இரண்டாயிரத்து ஆறு, காலை, உலையில் அரிசி.
பதின்மூன்று:
"அது வெடியில்லை.
அவர் போன அண்டு கதவை நான் அடிச்சுச் சாத்தினது."

தேதி தெரியாத வெடிப்பு ஒன்றும்
அந்த வீட்டில் இல்லை.

உதவியாளன் கமராவை இறக்கிவிட்டான்.
"சங்கு ஊதுவோம் அம்மா" என்றார் பொறியியலாளர்,
"வெடிக்குப் பத்து நிமிடம் முந்தி.
முடிஞ்ச பிறகு நீளமாய் இன்னொன்று."

"முடிஞ்ச பிறகுமோ?"

"ஓம், முடிஞ்சுதெண்டு தெரியவேணுமே."

"முடிஞ்ச பிறகுமோ?"
பதில் கேட்காததுபோல் மறுபடி கேட்டாள்.
சோக்கு இலக்கங்களில் கையை வைத்து
பன்னிரண்டாவதில் கொஞ்சம் நின்றாள்.

தீர்மானம்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
நிபந்தனைகள் ஒன்பது.
தராசு, படங்கு, சாய்வு, கிணற்று நீர் மாதம் ஒருக்கா…
அவற்றின் மேலே இடம் விட்டிருந்தேன்.
வீட்டுக்கு வந்து விளக்கடியில் எழுதினேன்:
'முடிந்ததற்கும் சங்கு.'
கீழே கோடும் போட்டேன்.

மலை இன்னும் முழுசாய்த்தான் நிற்கிறது.
சம்மதம் சொல்வோமோ, எனக்குத் தெரியாது.

பிளேன்டீக்கும் பணிசுக்கும் ஆன செலவு
மூவாயிரத்து நானூறு.
கொம்பனி தருகிறேன் என்றது. வேண்டாம் என்றோம்.
பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.