ரிங்டோன்

ஒன்பதாம் வகுப்பு பி.
புதுக் கணக்கு வாத்தியார் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார்.
இசக்கிமுத்து எழுந்தான்.
இ, என்றான்.
இ. இ. இ.
எதுக்குடா இளிக்கிற என்றார் வாத்தியார்.
வகுப்பு அதற்காகவே காத்திருந்தது போல வெடித்தது.

பதினோரு நொடி.
டெஸ்குக்கு அடியில் போனில் பிடித்தது நான்தான்.

மறுநாளிலிருந்து
சயான் ஸ்டேஷன் படிக்கட்டில்,
தொண்ணூறு அடி ரோட்டு வடாபாவ் வண்டியருகே,
யார் யார் பையிலிருந்தோ
அவன் தன் பெயரைத் தொடங்கிக்கொண்டிருந்தான்.
முடிக்க விட்டதில்லை நாங்கள்.
அதற்குள் எடுத்து ஹலோ சொல்லிவிடுவோம்.

வகுப்பு டீச்சரிடம் போனான்.
வாயால் வராததை எழுதிக் கொடு என்றார்.
எழுதிக் கொடுத்தான், இரண்டு பக்கம்.
முதல் பக்கத்தில் சந்திப்பிழை இருந்ததாம்.
வீட்டில் அவன் அப்பா
ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே:
சீக்கிரம் சொல்லுடா, ஷிப்டுக்கு நேரமாச்சு.

ஆடி மழையில் ஒரு ராத்திரி
கரண்ட் போன வீட்டில் என் போன் அடித்தது.
திரையில் இசக்கி.
எடுக்கக் கை வரவில்லை.
இ. இ. இ.
பிறகு வாத்தியார்.
பிறகு எங்கள் சிரிப்பு, என்னுடையதுதான் பக்கத்தில், பெரிதாக.
அதற்கும் அடியில்,
பத்தாவது நொடியில்,

இசக்கிமுத்து சார்.

சொல்லியிருக்கிறான்.
அன்றைக்கே முழுதாகச் சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

போன் அடங்கியது.
திருப்பிக் கூப்பிடுகிறேன்.
மணி போகிறது.
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.