சென்னியப்பனின் நாலு மீசை

சோமனூரில் எங்கள் குளியலறைக்குச் சன்னல் ஒன்றே.
அதற்குக் கறுப்புச் சாக்கு,
கதவிடுக்குக்குப் பழைய பாவாடை,
சாவித் துவாரத்துக்குப் புளி.
ஆமாம், புளிதான். வேறெதுவும் ஒட்டவில்லை.

துளசிமணி என் நங்கையா,
என்னைவிட நாலு மாசம் இளையவள்,
நூல் கடையில் கணக்கெழுதுகிறாள்.
எதையும் எண்ணிப் பார்த்தே வீட்டுக்குள் விடுவாள்:
முட்டை, கொத்தவரங்காய், ஒறம்பரை.
கோயமுத்தூரிலிருந்து போட்டோத் தாள் வந்த அன்று
வாசல் வெயிலில் சம்மணமிட்டு
கறுப்பு உறையைக் கிழித்து
ஒவ்வொன்றாய் எண்ணினாள்.
இருபத்தைந்து. சரியாக இருந்தது.
"கடைக்காரர் ஏமாத்தலீங்க" என்றாள்.

இருபத்தைந்தும்
மருந்தில் இறங்கியதும்
அடுப்புக்கரி.

இரண்டாம் பெட்டியை நான் திறந்தேன்,
இருட்டில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.
பன்னிரண்டு வினாடி வெளிச்சம் காட்ட வேண்டும்.
பன்னிரண்டை அளக்க
செல்போனை எடுத்து முடுக்கினேன்.
துளசிமணியின் முகம் நன்றாகத் தெரிந்தது.
அதில் இருந்த கோபமும்.

தட்டு மூன்றுக்கும் பேர் எழுதி ஒட்டினேன்,
அழகாக, சிவப்பு மையில்.
சிவப்பு விளக்கைப் போட்டால்
ஒரு சீட்டிலும் ஓரெழுத்து இல்லை.
மோந்து பார்த்தோம். காடி வாசம் நடுத்தட்டு.
மற்ற இரண்டில் எது உருவத்தை எழுப்புவது,
எது அதை உட்காரவைப்பது?
காசு சுண்டினோம்.
காசு விழுந்த சத்தம் கேட்டது, தண்ணிக்குள்.
எந்தத் தண்ணி என்று தெரியவில்லை.

பொறவொரு நாள், எப்படியோ,
மருந்துக்குள் ஒரு வேட்டி மெல்ல எழுந்தது.
ஒரு கை. ஒரு தறி.
இருவரும் ஒட்டுக்காக் கத்தினோம்.
கடைசியாக முகம்:
சென்னியப்பனுக்கு நாலு மீசை.
மறுபடி போட்டோம். ஐந்து.

சுவருக்கு அந்தப்புறம் அவருடைய எட்டுத் தறி
டக்கடி டக்கடி என்று
எங்கள் மேசையை, விளக்கை, பல் தேய்க்கும் குவளையை
ராத்திரி பகலாக ஆட்டிக்கொண்டிருந்தது.
பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்.
காது மறந்துவிட்டது,
காகிதம் மறக்கவில்லை.

"எம்பட போட்டோ என்னாச்சு அம்மிணி?"
"உங்க தறிதானுங்க ஆட்டுது.
பன்னெண்டே செகண்டு நிறுத்துனா..."
"தறியையா?"
குலசாமியைக் கொஞ்சம் அக்கட்டால நகரச் சொன்ன மாதிரி பார்த்தார்.
துளசிமணி விரல் மடக்கிக் கணக்குப் போட்டு
"ரெண்டு ரூவா நட்டம் வராதுங்" என்றாள்.
அவர் அந்த ரெண்டு ரூபாய்க்கும் சம்மதிக்கவில்லை.

ஒரு வியாழன் கரண்ட் போனது. தறி நின்றது.
ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, புளியை அழுத்தி,
தாளை வைத்து, சுவிட்சைத் தட்டிய பிறகுதான்
எங்கள் விளக்குக்கும் அதே கரண்ட் என்பது
புத்திக்கு வந்தது.
அன்றைக்கு மட்டும் இருட்டறையில்
இருட்டுக்குக் குறைவில்லை.

ஆடி நோம்பிக்கு ஆட்கள் ஊருக்குப் போனார்கள்.
சோமனூரே செவிடானது போல் இருந்தது.
குவளை ஆடவில்லை.
பன்னிரண்டை வாயாலேயே எண்ணினோம்.

ஒற்றை மீசை!
மயிர் மயிராக.

ஈரம் காயுமுன் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
சென்னியப்பன் வெளிச்சத்துக்குத் திருப்பி
வெகுநேரம் பார்த்தார்.
அப்போதுதான் எனக்குப் பட்டது:
சட்டைப்பை வலப்பக்கம்.
பின்சுவர்க் காலண்டரில் எழுத்தெல்லாம் எதிர்த்திசையில் நடக்கிறது.
ஃபிலிமைக் குப்புறப் போட்டிருக்கிறோம்.
வாயைத் திறந்தேன்.
துளசிமணி என் காலை மிதித்தாள்.

"எல்லாப் போட்டாவுலயும் ஆரோ மாதிரி இருப்பனுங்க.
இதுலதான் நானு இருக்கறேன்.
தெனமும் சவரம் பண்றப்ப பாக்கற அதே மூஞ்சி"
என்றவர், இன்னும் ஆறு வேணும் என்றார்.

"தாளு அஞ்சுதானுங் பாக்கி.
இப்பத்தான் எண்ணிட்டு வந்தேன்"
என்றாள் துளசிமணி.

எங்கே உட்கார்ந்து எண்ணினாள் என்று கேட்க
வீடு வரைக்கும்
எனக்குத் தைரியம் வரவில்லை.