அபயஸ்வரம்

வடக்கு மாசி வீதிக்குள் ஒரு சந்து,
சந்துக்குள் மாடிப்படி,
மேலே எனக்கென்று ஒரு சிவப்புப் பேனா.
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
சந்திப் பிழை நாற்பது இருந்தாலும் எட்டு,
கதாநாயகி செத்துப்போனாலும் அதே எட்டு.

இந்த வாரம் சிறுவர் நாவல்.
வயலின் படிக்கும் தாமிரா
ஆண்டு விழாவுக்குத் தயாராகிறாள்.
முப்பதாம் பக்கத்தில் விரல் வலிக்கிறது.
ஐம்பதில் வில்லைக் கட்டிலுக்கடியில் எறிகிறாள்.
அறுபத்தொன்றில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது, போட்டேன்.

எழுபத்து நாலு:
“மேடையில் அவள் வாசித்தது
முழுக்க முழுக்க அபயஸ்வரம்.”

அபஸ்வரம் என்றுதான் எழுதியிருப்பார்.
தட்டச்சுப் பையனின் விரல்
போகிற போக்கில் ஒரு ‘ய’வைத் தொட்டிருக்கிறது.
அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிற வேலை.
பேனா காய்ந்துவிடுமே என்று
மூடிவைத்தேன்.

சாயங்காலம் தரைப்பாலம் வழியே வீடு.
வைகையில் தண்ணீரை விட
ஆகாயத்தாமரை அதிகம்.
செல்லூர் வீட்டு மாடியில்
கீபோர்டோடு உட்கார்ந்திருப்பாள் இமாகுலேட்.
மாசற்றவள் என்று பேர் வைத்தது மாமனார்.
சீருடையில் தினம் மாங்காய்க் கறை.

பழைய சாமான் கடையில் எண்ணூறுக்கு வாங்கியது.
நடு ஸ்தாயியில் ‘ப’ பேசாது.
உள்ளே எறும்பு இருக்கும் என்றான் கடைக்காரன்,
போகப் போகச் சரியாகும் என்றும் சொன்னான்.
சரியாகவில்லை.
ஸ ரி க ம வரைக்கும் கீபோர்டு,
அப்புறம் விரல் கட்டையை அழுத்த
வாய் “பா” என்னும்,
த-விலிருந்து மறுபடி கீபோர்டு.
போன் பார்த்துப் படித்த எதிலும்
இப்படி ஒரு பாடம் கிடையாது.

நான் சும்மா இருக்கிறவளா?
“பா ஏறிப்போச்சு பாரு, கொஞ்சம் எறக்கு.”
“நீயே பாடிக்க.”

ராத்திரி சோறு போடும்போது கேட்டேன்:
ஒரு எழுத்து கூட விழுந்திருக்கு,
எடுக்கவா விடவா?
“அபயம்னா என்னம்மா?”
சுவரில் சேசு கை தூக்கி நிற்கிற படத்தைக் காட்டினேன்.
பயப்படாதேங்கிறாரே, அது.
படத்தைப் பார்த்தாள். ரசத்தைப் பார்த்தாள்.
“விட்டா காசைப் பிடிப்பாங்களா?”
“மாட்டாங்க.”
“அப்ப விடு.”

ஓரத்தில் போட்ட கேள்விக்குறிக்குப் பதில் வரவில்லை.
எழுத்தாளர் போனை எடுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிற்று,
‘ய’வோடு.

சனிக்கிழமை அவளுக்குச் சளி.
தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.
ஆனாலும் உட்கார்ந்தாள்.
ஸ ரி க ம,
ஒரு குழி,
த நி ஸ.
மறுபடி. குழி.
எனக்கே விழுந்துவிடுவோம் போலிருந்தது.

மூன்றாம் முறை
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து,
சாக்கடைத் தகராறில்
மூன்று வருஷமாய் எங்களோடு பேச்சில்லாத
தறிக்காரர் கிருஷ்ணாராம்
“பா” என்றார்.

இமாகுலேட் என்னைப் பார்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது.