நாற்பது டன் வெற்றிடம்

டுர்க்குத் துறைமுகம் உறைந்து கிடந்த பிப்ரவரியில்
கப்பல் வரைபடத்தின் பின்தளத்தில்
பென்சிலால் ஒரு சதுரம். உள்ளே எதுவும் இல்லை.
"இது என்ன?"
"இன்னும் தெரியாது" என்றாள் தூலிக்கி ஹாபசாரி,
"அதனால்தான் விட்டிருக்கிறேன்."

நான் விலை போடுகிறவன்.
பீரங்கிக்கு விலை உண்டு, ரேடாருக்கு உண்டு,
மாலுமியின் காலுறைக்கும் உண்டு.
தெரியாததை எந்தப் பத்தியில் எழுதுவது?

எழுதினேன்.
வராத விருந்தாளிக்கு மின்கம்பி, குளிர்நீர்க் குழாய்,
இல்லாத பாரத்தைத் தாங்க
இருக்கிற எஃகு.
கப்பலுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் யூரோ.
நான்கு கப்பல்.
இந்தப் பணத்தில் ஐந்தாவதன் பாதி வரும் என்றேன்.
பாதிக் கப்பல் மிதக்காது என்றாள்.
வெற்றிடம் சுடாது என்றேன்.
விரலுக்குத் தக்க வீக்கம் போதுமென்றது அமைச்சகம்.
ஒரு கப்பலில் மட்டும் சதுரம் பிழைத்தது.
கோப்பில் அதன் பெயர் சமரசம்.

பதினோரு ஆண்டு
அங்கே உருளைக்கிழங்கு மூட்டை கிடந்தது,
ஈரச் சீருடை காய்ந்தது,
ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ பிங்பாங் மேசை போட்டார்கள்.
தணிக்கையாளர் எடுத்த படத்தை
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

பிறகு ஓர் அக்டோபரில்
கடலடிக் கம்பிகள் அறுந்தன.
வரைந்த நாளில் உலகத்திலேயே இல்லாத கருவி
கொள்கலனில் அடைபட்டு வந்தது.
மூன்று கப்பல்கள் உலர்துறை ஏறின.
நான்காவது வெள்ளிக்கிழமை கிளம்பியிருக்க வேண்டும்.
கொள்கலன் நான்கு சென்டிமீட்டர் உயரம் அதிகம்.

ஓய்வுபெற்று எங்கோ ஏரிக்கரையில் இருந்தவளை
தொலைபேசியில் பிடித்தார்கள்.
"கூரையைக் கழற்றிப் போடுங்கள்.
கடலுக்குள் இறங்கப்போவது
மழைக்கா அஞ்சும்?"
ஞாயிறு காலை கிளம்பியது.

மற்ற மூன்றையும் அறுத்து ஒட்ட
இரண்டு கோடியே அறுபது லட்சம்.
நான் மிச்சம் பிடித்தது மூன்று கோடியே முப்பது.
கணக்கில் இன்றும் நான்தான் ஜெயித்தவன்.
அவை துறையில் கிடந்த பதினெட்டு மாதத்துக்கு
என் தாளில் பத்தி இல்லை.

இப்போது மேசையில் அடுத்த வகைக் கப்பல்.
இம்முறை எங்கு பார்த்தாலும் சதுரம்.
எல்லாவற்றுக்கும் இடம் விட்டு
பீரங்கிக்கு இடமில்லை.
ஒன்றை அடிக்கிறேன்.
இன்னொன்றை அடிக்கிறேன்.
மூன்றாவதில் பென்சில் நிற்கிறது.

எங்கிருந்தோ
உருளைக்கிழங்கு வாசனை.