மோட்டார் ரூம்

பூசி மறைக்காமல்
பலகையின் ரேகையோடு அப்படியே விட்ட கான்கிரீட் சுவர்.
ஓடில்லை, முகப்பில் லட்சுமியில்லை.
அறுபத்து மூன்றில் கட்டி முடித்தபோது
அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து
"கெணத்து மேட்டு மோட்டார் ரூமாட்ட இருக்குது" என்றார்களாம்.
பேர் ஒட்டிக்கொண்டது.
கட்டியவர் பம்புசெட் முதலாளி.
கோபப்படவில்லை, சிரித்தார்
என்கிறது நாங்கள் ஒப்பிக்க வேண்டிய குறிப்பு.

பெரியவர்களுக்கு நாற்பது ரூபாய், திங்கள் விடுமுறை.
சீட்டுக் கிழிப்பது நான்.
தரை மயிலாத்தாளுடையது.
மொசைக்கில் பினாயில் படக்கூடாது,
வெறுந்தண்ணி, இரண்டு முறை பிழிந்த துணி, ஆறு அறை.
ஜெபராணி பதிவேடு.
சோபாவிலிருந்து அணில் இழுத்துப் போட்ட பஞ்சைக்கூட
தேதி எழுதிக் காகித உறையில் வைப்பாள்.
மாகாளியண்ணன் செவ்வாய்தோறும்
எல்லாக் குழாயையும் ஒரு நிமிஷம் திறந்து மூடுவார்,
இறுகிப் போகாமலிருக்க.
யாரும் குளிக்காத அந்தக் குளியலறையில்
ஒரு நிமிஷம்
யாரோ குளிக்கிறார்கள்.

நடுமுற்றத்தில் ஒரு குளம்.
குளமென்றால் கணுக்கால்கூட நனையாது.
வரைபடத்தில் மூன்று அங்குலம்.
கூரையின் விளிம்பு அதில் தலைகீழாக விழ வேண்டும்,
விழாவிட்டால் பாதி வீடுதான்
என்று டிரஸ்ட்டிலிருந்து கடிதம்.

சித்திரை.
சிறுவாணித் தண்ணி எங்கள் வீதிக்குப்
பதினாலு நாளைக்கு ஒருக்கா.
மயிலாத்தாள் வீதிக்கு அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
இங்கே போரில்
எண்ணூறு அடியிலிருந்து காற்று வருகிறது.

அந்த வாரம்தான் ஒறம்பரை:
கடல் தாண்டிக் கட்டடக்கலைக்காரர்கள் பதினொரு பேர்.
திங்களென்றாலும் திறந்தோம்.
லாரி வந்தது. முற்றத்தை நிரப்பி
மிச்சத்தை மேல்தொட்டிக்கு ஏற்றினோம்.
மாகாளியண்ணன் அளவுகுச்சியை இறக்கி
"மூணுங்க" என்றார்,
உண்டியல் எண்ணி முடித்தவர் குரலில்.
கூரை இறங்கி வந்து தண்ணீரில் படுத்தது.
பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.
மயிலாத்தாள்கூடத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
சித்தெ நின்று பார்த்தாள்.

இத்தனை அமைதியை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்
என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.
ஜெபராணி தமிழில் சொன்னதும் மயிலாத்தாள்
"காத்தால அஞ்சரைக்கே வந்துருவனுங்க" என்றாள்.

பொழுதோட கேட்டைச் சாத்தினேன்.
யார் முதலில் ஆரம்பித்தது, தெரியாது.
மாகாளியண்ணன் வண்டியில்
குடங்கள் ஏற்கெனவே இருந்தன, அது தெரியும்.
மொண்டோம்.
குடத்தின் வாய் சிமென்ட்டில் இடிக்காமல்,
காட்சிப் பொருளைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தபடி
இரண்டு கைகளாலும்.
ஜெபராணி கையுறையைக் கழற்றிப்
பைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.
குடத்துக்குக் குடம் கூரை நடுங்கி, கிழிந்து,
மறுபடி ஒட்டிக்கொண்டது.

சுவரில் முதலாளி படம்.
இந்தச் சீமைக் கிணறுகளில் பாதி
அவர் மோட்டாரில்தான் மேலே வந்தது.
மயிலாத்தாள் இடுப்புக் குடத்தோடு அவரை ஒருதரம் பார்த்தாள்.
"கோவிச்சுக்காதீங்க,
கரண்டில்லாமத்தான் எடுக்கறோம்."

மறுநாள் பதிவேடு.
நீர்மட்டம்: ஒன்றே கால் அங்குலம்.
குறைவுக்குக் காரணம்:
அந்தக் கட்டத்தில் ஜெபராணியின் பேனா நின்றது.
அணிலின் பஞ்சுக்கும் உண்மை எழுதியவள்.
என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.
வெயில் முள் முள்ளாக நின்றிருந்தது.
எழுதினாள்: கோடை.
கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று செவ்வாய்.
உள்ளே குழாய் திறக்கிற சத்தம்.
தரையில் விழுகிற சத்தமல்ல,
பக்கெட்டில்.